ஒரு மைக், நாலு வேலை

கடலோரத்திலிருந்து குரல் தொழில் தொடங்குவோர் எந்த மைக் வாங்கலாம்?

புதுச்சேரியை அடுத்த பொம்மையார்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டே சென்னை விளம்பரக் கம்பெனிக்கும் சிங்கப்பூர் தமிழ் வகுப்புக்கும் குரல் கொடுக்க முடியும். லேப்டாப் இருக்கிறது, இணையம் இருக்கிறது, குரலும் இருக்கிறது. பலர் தடுக்கி விழுவது மைக்கில்தான். யூடியூபில் ஒருவர் ஐம்பதாயிரம் ரூபாய் மைக்கைத் தூக்கிக் காட்டுகிறார். இன்னொருவர் ஆயிரத்தைந்நூறுக்கே போதும் என்கிறார். இரண்டு பேரும் பேசுவது அவரவர் அறைக்குள்ளிருந்து. உங்கள் அறைக்குக் கிழக்கே கடல், மேற்கே ஈசிஆர். அவர்களுக்குச் சரியாக வருவது உங்களுக்கும் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நடுத்தர பட்ஜெட்டில் எல்லாவற்றையும் பிரமாதமாகப் பதியும் மைக் கிடைக்காது. அதைத் தேடி அலையவும் வேண்டாம். எந்த வேலைக்கு எடுத்துப் போனாலும், வேலை கொடுத்தவர் ஃபைலைத் திருப்பி அனுப்பாத அளவுக்குப் பதிய வேண்டும். இந்த உப்புக் காற்றில் நாலைந்து வருஷம் தாங்கவும் வேண்டும். இந்த இரண்டையும் வைத்துத் தேர்ந்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

முதலில் வேலைப் பட்டியல்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் அடுத்த ஆறு மாதத்தில் காசு தரக்கூடிய வேலைகளை எழுதுங்கள். இந்தப் பகுதியில் அது பெரும்பாலும் இப்படி இருக்கும்: விளம்பரத்துக்கும் குறும்படத்துக்கும் பின்னணிக் குரல், ஆடியோ புத்தகம், ஆன்லைன் டியூஷன், கல்யாண வீடியோவுக்கு அறிமுகக் குரல், பறை அல்லது தெருக்கூத்துக் குழுவின் பதிவு, மீனவர்களிடமும் உப்பளத் தொழிலாளர்களிடமும் எடுக்கும் பேட்டி.

இப்போது பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். வாய்க்கு அருகே மைக் வைத்துப் பேசும் வேலை ஒரு பக்கம். தள்ளி வைத்துப் பதியும் வேலை மறுபக்கம். முதல் பக்கத்தில் நாலுக்கு மூன்று இருந்தால் முடிவு பாதி எடுத்தாயிற்று.

பேட்டி மட்டும்தான் வேலை என்றால் ஸ்டூடியோ மைக்கே வேண்டாம். சட்டையில் குத்தும் போயா பிஒய்-எம்1 மாதிரி ஒரு காலர் மைக்கும் போனும் போதும். மிச்சக் காசைப் பேருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மரக்காணம் உப்பளம் வரை போக வேண்டியிருக்கும்.

அறை என்ன சொல்கிறது?

மைக்கைவிட அறைதான் உங்கள் குரலைக் கெடுக்கும். பத்துக்குப் பத்து கான்கிரீட் அறை, சிமென்ட் தரை, வெறும் சுவர், மேலே மின்விசிறி. இதில் எந்த மைக்கை வைத்தாலும் குரலோடு சுவரும் சேர்ந்து பேசும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஒரு மைக்கையும் அதை லேப்டாப்பில் சொருக உதவும் இன்டர்ஃபேஸ் பெட்டியையும் ஒரு நாளுக்கு இரவல் வாங்குங்கள். விசிறியை நிறுத்திவிட்டு முப்பது விநாடி பேசுங்கள், அடுத்த முப்பது விநாடி மூச்சு காட்டாமல் இருங்கள். ஆடாசிட்டி இலவசம். அதில் அனலைஸ் மெனுவுக்குள் கான்ட்ராஸ்ட் என்று ஒரு கருவி உண்டு. பேசிய பகுதியை முன்புறமாகவும் மௌனத்தைப் பின்புறமாகவும் குறித்தால் இரண்டுக்கும் எத்தனை டெசிபல் வித்தியாசம் என்று சொல்லிவிடும். 40-க்கு மேல் இருந்தால் தொழில் செய்யும் அறை. 30-க்குக் கீழே என்றால் மைக் வாங்குவதைத் தள்ளிப்போட்டு அறையைக் கவனியுங்கள்.

இதையே மத்தியானம் ஒரு முறை, இரவு பதினோரு மணிக்கு ஒரு முறை செய்யுங்கள். மேல்காற்று அடிக்கும் நாளில் ஒரு முறை, வாடை வீசும் நாளில் ஒரு முறை. கடலிலிருந்து காற்று வரும் நாளில் அலைச் சத்தம் ஜன்னலோடு நிற்காது. எந்த நேரம் உங்களுக்குப் பதிவு நேரம் என்பது இதில் தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வேலையை ஒப்புக்கொள்ளும்போது கெடு தேதியை இரண்டு நாள் தள்ளிக் கேட்கும் தைரியமும் வரும்.

அறையைச் சரிசெய்யப் பெரிய செலவு தேவையில்லை. பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். இரண்டு பக்கமும் கனத்த போர்வை. தரையில் ஜமுக்காளம். துணி அடுக்கிய பீரோவின் கதவைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பேசினாலும் நல்ல பலன் உண்டு. சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண். வெளிச் சத்தத்தை அது கொஞ்சமும் தடுக்காது.

டைனமிக்கா, கண்டென்சரா?

டைனமிக் மைக்கில் மெல்லிய சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்துக்குள் அசைந்து மின்சாரம் உண்டாக்குகிறது. வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம். கண்டென்சரில், சில மைக்ரான் தடிமனே உள்ள தங்கப் பூச்சுச் சவ்வு ஒன்று உலோகத் தகட்டை ஒட்டி நின்று அதிர்கிறது. அதற்கு 48 வோல்ட் பாண்டம் பவர் வேண்டும். கண்டென்சர் நுட்பமாகக் கேட்கும். டைனமிக் கொஞ்சம் மந்தம்.

கண்டென்சர்தான் ஸ்டூடியோவுக்கு, டைனமிக் மேடைக்கு என்று சொல்வார்கள். ஷூர் நிறுவனம் 1973-ல் கொண்டுவந்த எஸ்எம்7 டைனமிக்தான். மைக்கேல் ஜாக்சன் 1982-ல் வெளியிட்ட ‘த்ரில்லர்’ ஆல்பத்தில் பாடியது அதில்தான். அதன் இன்றைய வடிவமான எஸ்எம்7பி-யைத்தான் பாட்காஸ்ட் வீடியோக்களில் பார்க்கிறீர்கள். ஸ்டூடியோவுக்கு டைனமிக் ஆகாது என்ற பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

இன்னொரு பேச்சும் உண்டு: டைனமிக் வெளிச் சத்தத்தை வடிகட்டும் என்பது. அதுவும் முழு உண்மை இல்லை. ஒரே தூரத்தில், ஒரே திசைப்பாங்கோடு (எந்தப் பக்கச் சத்தத்தைக் கேட்கும் என்பது) இரண்டையும் வைத்தால் அறைச் சத்தம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் ஏறும். டைனமிக் செய்வது வேறு. அது உங்களை அருகே வரவைக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அலைச் சத்தமோ இருந்த இடத்திலேயே நிற்கும். ஓரடியிலிருந்து மூன்று அங்குலத்துக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். கடலோரத்தில் இந்த 12 டெசிபல்தான் சோறு போடும். இவ்வளவு அருகில் வைத்துப் பேசும் வேலைக்கென்றே செய்யப்பட்டவை மேடை டைனமிக் மைக்குகள். கண்டென்சரை அப்படி வைத்தால் ‘ப’வும் ‘பா’வும் வெடிக்கும்.

உப்புக் காற்றுக் கணக்கு

மரக்காணத்தில் உப்பு விளைய வைக்கும் அதே கடல்தான் இங்கே காற்றிலும் உப்பைத் தெளிக்கிறது. கண்டென்சரின் சவ்வுக்கும் தகட்டுக்கும் இடைவெளி முடியளவுதான். அதில் ஈரம் இறங்கினால் மின்னேற்றம் கசியும். பொரிகிற மாதிரி சடசடவென்று சத்தம் வரும். ஈரத்தோடு உப்பும் படிந்தால் காய்ந்த பிறகும் கோளாறு தீராது. சினிமாக்காரர்கள் வெளிப்புறத்துக்கு எடுத்துப் போகும் சென்ஹைசர் எம்கேஹெச் 416 கண்டென்சர்தான். ஆனால் அது வேறு மின்சுற்றில் இயங்குவது, ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது. விலையோ இந்தக் கட்டுரையின் பட்ஜெட்டுக்கு வெளியே.

டைனமிக்குக்கு ஈரம் பெரிய எதிரி இல்லை, மணல்தான் எதிரி. கடற்கரை மணலில் காந்தத்தில் ஒட்டும் கருந்துகள்கள் கலந்திருக்கும். காந்தத்தை ஒரு பாலிதீன் பையில் போட்டு மணலில் புரட்டினால் நீங்களே பார்க்கலாம். அந்தத் துகள் வலைக்குள் போய்ச் சுருளில் ஒட்டினால் குரல் கரகரக்கும். ஆகவே எந்த மைக்கையும் மணல்மேல் வைக்காதீர்கள், ஒரு நிமிஷத்துக்குக்கூட.

பராமரிப்பு எளிது. மூடி இறுக்கமான டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறினால் அதை இளஞ்சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசி போட்டு வைப்பவர்கள் உண்டு. அதன் மாவுத் தூசி மைக்குக்கு ஆகாது. கேபிள் முனையிலுள்ள மூன்று பின்களில் பச்சைக் களிம்பு ஏறுகிறதா என்று மாதம் ஒரு முறை பார்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். இந்த ஊரில் “மைக் போச்சு” என்று சொல்லப்படுவதில் பாதி, பின்னில் ஏறிய களிம்பாகத்தான் இருக்கும்.

அட்டைப்பெட்டி எண்களில் எது முக்கியம்?

திசைப்பாங்கு கார்டியாய்ட் என்று இருக்க வேண்டும். முன்பக்கம் நன்றாகக் கேட்டு, பின்பக்கம் காது கொடுக்காத வகை. மைக்கின் பின்புறத்தை ஜன்னல் பக்கம் திருப்பினால் அலைச் சத்தம் குறையும்.

அடுத்தது உள்சத்தம், அதாவது மைக்கே எழுப்பும் இரைச்சல். கண்டென்சர்களில் ரோட் என்டி1 ஐந்தாம் தலைமுறைக்கு 4 டெசிபல், ஆடியோ-டெக்னிகா ஏடி2035-க்கு 12, ஏடி2020-க்கு 20 என்று போட்டிருக்கும். குறைவாக இருந்தால் நல்லதுதான். ஆனால் விசிறி ஓடும் அறை எளிதாக 40 டெசிபலைத் தொட்டுவிடும். அந்த அறையில் நாலுக்கும் இருபதுக்கும் வித்தியாசம் காதில் விழாது. அறை அமைதியான பிறகுதான் அந்த எண்ணுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

மூன்றாவது உணர்திறன். டைனமிக் வகையான ஷூர் எஸ்எம்58 தருவது ஒரு பாஸ்கலுக்கு 1.85 மில்லிவோல்ட், ஏடி2020 தருவது 14.1 மில்லிவோல்ட். அதாவது டைனமிக்குக்குச் சுமார் 18 டெசிபல் கூடுதல் கெயின் (ஒலிப் பெருக்கம்) வேண்டும். அதைத் தர வேண்டியது இன்டர்ஃபேஸ் பெட்டி. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் நான்காம் தலைமுறையில் சோலோ தரும் உச்ச கெயின் 57 டெசிபல், 2ஐ2 தருவது 69. மெதுவாகப் பேசிப் புத்தகம் வாசிப்பவருக்கு 57 இழுபறி, 69 தாராளம். மைக்கை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் வாங்கியவர்கள்தான் “டைனமிக்கில் சத்தமே வரவில்லை” என்று புலம்புவார்கள்.

அப்படியானால் எதை வாங்குவது?

பத்தாயிரத்துக்குள் மொத்தத்தையும் முடிக்க வேண்டுமா? சாம்சன் க்யூ2யூ மாதிரி யூஎஸ்பி, மூன்று பின் எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ள டைனமிக் மைக்கைப் பாருங்கள். இன்று லேப்டாப்பில் நேரே சொருகலாம். நாளை இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் மைக் வீணாகாது. யூஎஸ்பி மட்டும் உள்ள மைக்கில் அந்த வழி அடைபட்டுவிடும்.

முப்பதாயிரம் வரை போக முடியுமா? ஷூர் எஸ்எம்57 அல்லது எஸ்எம்58, கூடவே கெயின் அதிகமுள்ள இன்டர்ஃபேஸ். எஸ்எம்57 வந்தது 1965-ல், எஸ்எம்58 அதற்கு அடுத்த வருஷம். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே அமைப்பு. எஸ்எம்58-க்குத் தலையில் உருண்டை வலையும் அதற்குள் பஞ்சும் உண்டு. குரல் வேலை அதிகம் என்றால் 58. பறை, ஹார்மோனியம் என்று வாத்திய வேலையும் பாதிக்குப் பாதி என்றால் 57 வாங்கி, குரலுக்கு ஒரு பஞ்சு உறை போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க ஜனாதிபதிகள் பல பத்தாண்டுகளாகப் பேசும் மேடைக்கு முன் இரட்டையாக நிற்பதும் எஸ்எம்57தான். இசைக் கச்சேரியில் பறைக்கு முன் நிற்பதும் அதுதான். நாலு வேலைக்குப் போகும் மைக் என்றால் என் ஓட்டு இதற்கே.

சோதனையில் 40 டெசிபல் வித்தியாசம் கிடைத்த அறையா? பட்டியலில் ஆடியோ புத்தகமும் விளம்பரக் குரலும் மேலே இருக்கின்றனவா? அப்போது கண்டென்சர் பக்கம் போகலாம். ஏடி2035-ல் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் சுவிட்சும் 10 டெசிபல் குறைக்கும் சுவிட்சும் உண்டு. முதலாவது லாரி உறுமலை வெட்டும், இரண்டாவது பறை மாதிரி உரத்த வாத்தியத்துக்கு உதவும். ஆரோவில்லில் செய்யும் மணிகள், குழாய் வாத்தியங்கள் போல நீண்டு ஒலிக்கும் நுண்ணிய ஓசைகளுக்கும் கண்டென்சர்தான் சரி. அந்த மேல் ஸ்தாயியை டைனமிக் பாதியிலேயே விட்டுவிடும்.

முப்பதாயிரத்தைப் பிரிக்கும் விதம்

விலை மாதத்துக்கு மாதம் மாறும். விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு மைக்குக்கு. இன்னும் கொஞ்சம் கூடுதலாக இன்டர்ஃபேஸுக்கு. மிச்சத்தில் காதை முழுக்க மூடும் ஹெட்போன், கனமான ஸ்டாண்ட், நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிள், ‘ப’ வெடிப்பதைத் தடுக்கும் பாப் ஃபில்டர், டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். மொத்தக் காசையும் மைக்கில் கொட்டிவிட்டு நூறு ரூபாய் கேபிளில் சொருகாதீர்கள்.

ஒரு வீட்டு மின்சாரப் பிரச்சினையும் உண்டு. எர்த் சரியில்லாத வீட்டில் லேப்டாப் சார்ஜர் சொருகியிருந்தால் பதிவில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் ஓடும். மைக்கைக் குறை சொல்லும் முன் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள்.

எங்கே வாங்குவது?

எஸ்எம்58-க்கும் 57-க்கும் போலிகள் ஏராளம். பெட்டி, உறை, கையேடு வரை அச்சாக அடித்திருப்பார்கள். சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் அது என்ன என்று யோசிக்கவே வேண்டாம். அசல் எஸ்எம்58-ன் எடை 298 கிராம்; மளிகைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். எடை சரியாக இருப்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது, தப்பாக இருந்தால் நிச்சயம் போலி. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ஜிஎஸ்டி பில்லோடும் வாரண்டியோடும் வாங்குவதுதான் முடிவான வழி. அந்தப் பில் தொழில் கணக்கிலும் உதவும்.

சென்னைக்குப் போகிறீர்கள் என்றால் 1842-லிருந்து இசைக்கருவி விற்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் கையில் எடுத்துப் பேசிப் பார்த்து வாங்கலாம். ரிச்சி தெருவில் கேபிள், கனெக்டர், ஸ்டாண்ட் மலிவு.

வாங்கும் முன் கேட்டுப் பழகவும் இடம் உண்டு. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ‘புதுவை வாணி’ சமுதாய வானொலி இருக்கிறது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ 90.4 இயங்குகிறது. கடலோரத்தில் குரல் வேலை செய்பவர்கள் எந்த மைக்கை, எப்படி வைத்துப் பேசுகிறார்கள் என்று நேரில் பார்த்தால் பத்து வீடியோவுக்குச் சமம். அனுமதி கேட்டுப் போங்கள்.

வைக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

குரலுக்கு: வாயிலிருந்து நாலு விரல் தூரம். மைக் வாய்க்கு நேரே வேண்டாம்; கடைவாய் ஓரமாக, சற்றுச் சாய்த்து. ‘ப’ வெடிப்பது இதிலேயே பாதி அடங்கும். கெயினை ஏற்றும்போது உரக்கப் பேசும் இடத்தில் முள் மைனஸ் 12-ஐ ஒட்டி நின்றால் போதும்.

பறைக்கு: தோலிலிருந்து ஓரடிக்கும் ஒன்றரை அடிக்கும் இடையில், நடுவிலிருந்து விலகி விளிம்பைப் பார்த்தபடி. அடிக்குச்சியின் கனம் வேண்டுமானால் நடுப்பக்கம் நகர்த்துங்கள்; சிண்டுக்குச்சியின் துடிப்பு வேண்டுமானால் விளிம்புப் பக்கம். கெயினைப் பெரிதாகக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். தோலைக் காய்ச்சிய பிறகு சத்தம் ஏறும், அதனால் காய்ச்சிய பறையில்தான் அளவு பார்க்க வேண்டும்.

கூத்துக்கு: ஒரே மைக்தான் என்றால் பாடுபவருக்கு வையுங்கள். ஹார்மோனியமும் முகவீணையும் தானாகவே வந்து விழும். மிருதங்கக்காரரை ஓரடி பின்னால் நகரச் சொல்லுங்கள். ஒலிச் சமநிலையை ஆட்களை நகர்த்திச் சரிசெய்வது, பிறகு கம்ப்யூட்டரில் மல்லாடுவதைவிட நல்லது.

ஒப்படைக்கும் தரம்

அமேசானின் ஆடியோ புத்தகத் தளமான ஏசிஎக்ஸ் கேட்கும் அளவை உங்கள் வீட்டு அளவாக வைத்துக்கொள்ளுங்கள்: குரலின் சராசரி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடையில், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது, மௌனத்தில் இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே. வேறு யாருக்கு வேலை செய்தாலும் இந்த அளவில் இருக்கும் ஃபைல் மரியாதையைக் காப்பாற்றும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். எம்பி3 கேட்டால் மட்டும் எம்பி3.

புதிதாக வருபவர்கள் கோட்டைவிடும் இடம் திருத்தப் பதிவு. மூன்று நாள் கழித்து “இந்த ரெண்டு வரி மட்டும் மாத்திப் பேசிக் கொடுங்க தம்பி” என்று போன் வரும். புது வரி பழைய வரியோடு ஒட்டாது. குரல் வேறு அறையில் பேசியது போலத் தெரியும். இதற்கு மருந்து ஒரு நோட்டுப் புத்தகம். ஸ்டாண்ட் கால் நின்ற இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். மைக்கின் உயரம், வாய்க்குள்ள தூரம், கெயின் எண், நேரம், விசிறி, ஜன்னல் நிலை எல்லாவற்றையும் வேலைக்கு ஒரு வரி எழுதி வையுங்கள். ஒவ்வொரு பதிவோடும் பத்து விநாடி வெறும் அறைச் சத்தத்தையும் சேமியுங்கள். ஒட்டுப்போடும்போது அதுதான் கைகொடுக்கும். விலை உயர்ந்த மைக் வைத்திருப்பவரைவிட, திருத்தத்தை ஒட்டுத் தெரியாமல் தருபவருக்குத்தான் அடுத்த வேலை வரும்.

இரண்டாவது மைக் எப்போது?

முதல் மைக் தன் விலையைச் சம்பாதித்துக் கொடுத்த பிறகு. அதுவரை விளம்பரங்களைப் பார்க்காதீர்கள். அந்தக் காசு கையில் வந்ததும் அதே நோட்டைத் திறந்து, முடியாது என்று விட்ட வேலைகளையும் திரும்பி வந்த ஃபைல்களையும் பாருங்கள். அறைச் சத்தத்தால் திரும்பியிருந்தால் மெத்தையும் ஜன்னல் சீலும் வாங்க வேண்டும். மெல்லிய ஓசை பதியவில்லை என்று திரும்பியிருந்தால் கண்டென்சர். இரண்டு பேர் சேர்ந்து பேசும் வேலையை விட்டிருந்தால், இருப்பதைப் போலவே இன்னொன்று. எதுவுமே திரும்பவில்லையா? அப்படியானால் மைக் வாங்க வேண்டாம், கூலியை உயர்த்திக் கேளுங்கள்.